திறப்பும் முகவரியும்: மட்டக்களப்பில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கான ஒரு தங்குமிடச் சேவை பற்றி

மட்டக்களப்பு நகரத்திலும் அதனை அண்டிய ஊர்களிலும் எச்.ஐ.வி. தொற்றுடன் இருப்பிடமின்றித் தவிக்கிறவர்களுக்கு வாடகை அறை எடுத்துக் கொடுத்து, அந்த வாடகையின் பெரும்பங்கையும் செலுத்தி வரும் ஒரு சிறிய சேவையைப் பற்றி எழுதுகிறேன். என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், 14 மாதங்களாக அந்தச் சேவையின் உதவியுடன் வாழ்ந்து வருகிறார். சேவையின் பெயரையோ அது இயங்கும் தெருவையோ நான் குறிப்பிடப் போவதில்லை. பெயர் ஊரில் பரவினால், அதன் பணியாளர் ஓட்டி வரும் மோட்டார் சைக்கிள் எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வாசலில் இருப்பவரின் நோயும் அன்றே பரவிவிடும். தேவையுள்ளவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் கேட்கலாம். எங்களுக்கும் அங்கிருந்துதான் வழி கிடைத்தது. இதை எழுதி முடித்ததும் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வேண்டாம் என்று சொன்ன இரண்டு இடங்களை எடுத்துவிட்டேன்.

இந்தச் சேவை எதைத் தீர்க்கிறது என்பது விளங்க வேண்டுமானால், எங்கள் பகுதியில் ஓர் ஆண் எப்படி வீடில்லாதவன் ஆகிறான் என்பதை முதலில் சொல்லவேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும், தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், வீடு பெண்ணைச் சேர்வது வழக்கம். பெற்றோர் பாடுபட்டு மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய் வாழ்வார். தாம் இருந்த வீட்டையே மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் மூலையில் சிறு வீடொன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிய தாய் தகப்பனை ஊருக்கு ஊர் காணலாம். பெண்ணுக்கு இது பெரும் பாதுகாப்பு. அந்த வழக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மனைவி வீட்டுக் கதவு மூடப்பட்ட ஆணுக்குத் திரும்பிப் போகப் பிறந்த வீடு கிடையாது. அது தங்கைக்கு எழுதப்பட்டு, அதில் தங்கையின் கணவர் குடியிருப்பார். அண்ணன் கட்டாரில் 9 ஆண்டுகள் மேசன் வேலை செய்து அனுப்பிய காசில் தங்கையின் சீதன வீடு எழும்பியது. மனைவியின் வீட்டுக்கு மேலும் இரண்டு அறைகள் சேர்ந்தன. இரண்டு உறுதிகளிலும் அவருடைய பெயர் இல்லை.

விடாத இருமலுக்காக வைத்தியசாலைக்குப் போனவருக்குக் காசநோய் என்று கண்டுபிடித்தார்கள். காசநோயாளருக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வது முறை என்பதால் அதுவும் அப்போது தெரியவந்தது. மனைவிக்குச் செய்த பரிசோதனையில் தொற்று இல்லை. வீட்டில் இரண்டு குமர்ப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களின் கலியாணம் பாழாகிவிடும் என்று சொல்லி, அண்ணனின் உடுப்புப் பையை வாசலில் வைத்தார்கள். அந்தத் தாயின் பயத்தை நான் அறிவேன், ஆகவே அவரைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன். தங்கை வீட்டுத் திண்ணையில் அண்ணன் 8 நாட்கள் இருந்தார். அவருக்கென்று ஒரு கோப்பையும் ஒரு குவளையும் தனியாக வைக்கப்பட்டன. என் வீட்டில் அவர் இருந்தது ஒரே ஓர் இரவு. என் வீடும் என் மனைவியின் சீதன வீடுதான்; மாமியும் எங்களுடன் இருக்கிறார். விடிந்ததும் அண்ணன் படுத்த பாயை மாமி கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, “நான் வெளிக்கிடுறன் தம்பி” என்றார். நான் மறிக்கவில்லை. இந்தச் சேவையைப் பற்றி எழுதவேண்டும் என்ற கடமை எனக்கு அந்தக் காலையில் இருந்தே இருக்கிறது.

அதற்குப் பின் 7 மாதங்கள் அவர் எங்கெங்கோ படுத்தார். சில நாட்கள் மலிவான ஒரு விடுதி, 5 வாரங்கள் ஒரு வாடகை அறை, பிறகு கோயில் மடம், கடைசியில் பஸ் நிலையத்து வாங்கு. வாடகை அறையை அவர் இழந்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்காரர் ஏதோ தேவைக்கு அறைக்குள் வந்தபோது மருந்துப் போத்தலைக் கண்டிருக்கிறார். பெயரை எழுதிக்கொண்டு போய் யாரிடமோ விசாரித்திருக்கிறார். மறுநாள் காலையில் கிணற்றில் வாளியைத் தொடவேண்டாம் என்றார், மாலையில் அறையை விடச் சொன்னார், கொடுத்திருந்த முற்பணத்தில் ஒரு சதமும் திருப்பித் தரவில்லை. ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுவதால் எச்.ஐ.வி. தொற்றாது, ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ, ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதாலோ, நுளம்பு கடிப்பதாலோ தொற்றாது. ஒரு வளவுக்கு ஒரு கிணறு என்று வாழும் மணல் பூமியில், கிணற்று வாளியைத் தொடாதே என்று ஒருவரிடம் சொல்வது அவரை அந்த வளவிலிருந்தே வெளியேற்றுவதாகும்.

மருந்துப் போத்தலைப் பற்றியும் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும். அது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல். உள்ளே 30 குளிசைகளும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சிறிய பொதியொன்றும் இருக்கும். மடியிலோ பையிலோ வைத்துக்கொண்டு நடந்தால் குளிசைகள் கிலுகிலுவென்று சத்தமிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். சத்தம் கேட்காதிருக்க அண்ணன் முதலில் பஞ்சு வைத்து அடைத்தார். பிறகு போத்தலின் பெயர்த்தாளை நகத்தால் சுரண்டி எடுத்தார். வாடகை அறையில் நடந்ததற்குப் பின் போத்தலையே எறிந்துவிட்டு, குளிசைகளை ஒரு சொப்பிங் பையில் சுற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கார்த்திகை மழை பிடித்தது. ஒரு நாள் அந்தப் பையை என்னிடம் விரித்துக் காட்டினார். குளிசைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கரைந்து, காய்ந்த சுண்ணாம்புக் கட்டியைப் போல இருந்தன. மருந்தைத் தொலைத்துவிட்டேன் என்று கிளினிக்கில் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த தவணை வரும்வரை 11 நாட்கள் ஒன்றும் எடுக்காமல் இருந்திருக்கிறார்.

அந்த 11 நாட்கள் ஏன் பாரதூரமானவை என்பதைச் சேவையின் பணியாளர்தான் எனக்குப் பொறுமையாக விளக்கினார். இன்று பெரும்பாலானவர்களுக்கு முதலாவதாகக் கொடுக்கப்படுவது டெனோபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டொலுடெகிராவிர் 50 மில்லிகிராம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரே குளிசை. நாளுக்கு ஒன்று, சாப்பிட்டோ சாப்பிடாமலோ எடுக்கலாம். காசநோய்க்கான ரிபாம்பிசின் கூடவே எடுக்கும் காலத்தில் மட்டும் டொலுடெகிராவிரை இன்னொரு வேளையும் எடுக்கவேண்டும். அண்ணன் தெருவில் இருந்த மாதங்களில் பெரும்பகுதி அப்படியான காலமாகவே இருந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்தால் வைரசு பெருகமுடியாது. உடலின் எதிர்ப்புச் சக்தி திரும்பவும் எழும்பும். விட்டு விட்டு எடுத்தால், இரத்தத்தில் மருந்து குறைந்திருக்கும் நாட்களில் வைரசு பெருகி, அந்த மருந்துக்கே அடங்காத வகையாக மாற இடமுண்டு. இரத்தப் பரிசோதனையில் வைரசு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் மற்றவருக்குத் தொற்று கடத்தப்படுவதில்லை. ஐரோப்பிய நாடுகளில் ஒருவருக்குத் தொற்றுள்ளதும் மற்றவருக்கு இல்லாததுமான 782 ஆண் இணைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து எடுக்கும் துணையிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது என்று ஒரு சம்பவமும் காணப்படவில்லை. அண்ணனின் மனைவி வீட்டாருக்கு இதை அன்றே யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

இலங்கையில் இந்த மருந்து 2004 முதல் அரசாங்க சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அண்ணன் மருந்துக்கு ஒரு சதமும் கொடுத்ததில்லை. கிளினிக்கில் அவரை யாரும் முகஞ்சுளித்ததும் இல்லை. அவருக்கு இல்லாதிருந்தது அந்தப் போத்தலை வைக்க ஒரு தட்டும், அந்தத் தட்டுள்ள அறையைப் பூட்ட ஒரு பூட்டும்.

இது என் அண்ணன் ஒருவரின் கதையை வைத்து நான் கட்டிய எண்ணம் என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காக, வேறு தேசத்தில் செய்து பார்த்தவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் எயிட்ஸ் நோயாளருக்கான வீட்டுவசதிக்கென்று 1990 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, அதன் கீழ் வாடகை உதவிக்கு நிதி ஒதுக்கத் தொடங்கினார்கள். சிக்காகோவில் எச்.ஐ.வி.யுடன் வைத்தியசாலையில் படுத்திருந்த வீடற்ற 105 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நிரந்தரத் தங்குமிடமும் பொறுப்பாக ஓர் உதவியாளரும்; மற்றைய பிரிவுக்கு வழமையாகக் கிடைக்கும் உதவி மட்டும். ஓர் ஆண்டுக்குப் பின், உயிரோடும் சிதையாத எதிர்ப்புச் சக்தியோடும் இருந்தவர்கள் முதற் பிரிவில் 55 சதவீதம், இரண்டாம் பிரிவில் 34 சதவீதம். 2009 இல் வெளிவந்த முடிவு இது. பால்ட்டிமோர், சிக்காகோ, லொஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று நகரங்களில் 630 பேரை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு இவ்வளவு தெளிவாக அமையவில்லை. உதவி கிடைக்காத பிரிவிலும் பலர் தாமாகவே வீடு தேடிக்கொண்டதால் இரு பிரிவுகளுக்கும் இடையில் வித்தியாசம் குறைந்துபோனது. ஆயினும் ஆய்வுக் காலத்திலும் வீடின்றியே இருந்தவர்களை வீடு கிடைத்தவர்களோடு ஒப்பிட்டபோது, இரத்தத்தில் வைரசு அடங்காமல் இருந்ததும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டி வந்ததும் வீடற்றவர்களிடம் கூடுதலாகவே இருந்தன. அந்தத் தேசத்தின் பணத்தையும் சட்டத்தையும் நாம் இங்கே எதிர்பார்க்க முடியாது. மனித உடம்பு மட்டும் எந்தத் தேசத்திலும் ஒன்றுதான்.

இனிச் சேவைக்கு வருகிறேன். முதற் சந்திப்பு கிளினிக்கின் பின்பக்கத்து விறாந்தையில் நடந்தது. வந்தவர் ஏறத்தாழ 40 வயதுடைய ஒரு பெண் பணியாளர். இந்த நோய் எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. 7 மாதங்களில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அண்ணனோடு பேசிய முதல் ஆள் அவர் என்று நினைக்கிறேன். நேற்று இரவு எங்கே படுத்தீர்கள், மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது, எந்த ஊர்ப் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இல்லை என்ற மூன்றைத்தான் கேட்டார். மூன்றாவது கேள்வியின் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது. எங்கள் ஊர்களில் உறவினர் உள்ள இடத்தில் அறை எடுப்பது உதவியாகாது. முகம் தெரியாத இடத்தில் எடுத்தால்தான் ஒருவர் வெளிவாசலில் கதிரை போட்டு இருக்கமுடியும்.

அன்று மாலையே சேவையின் பொது வீட்டில் ஒரு கட்டில் கிடைத்தது. 4 அறைகளுள்ள பழைய ஓட்டு வீடு. அப்போது 5 பேர் இருந்தார்கள். கட்டிலும் நுளம்பு வலையும் சுத்தமாக இருந்தன, சமையலை ஆளுக்கொரு முறையாகச் செய்தார்கள், இரவில் வெளிக்கதவு 9 மணிக்குப் பூட்டப்பட்டது. அண்ணன் அங்கே 6 வாரங்கள் இருந்தார். பின்னர் தனி அறை பார்த்துக் கொடுத்தார்கள். மட்டக்களப்பு நகரத்துக்கு வெளியே, பஸ் வீதியிலிருந்து 5 நிமிட நடையில், ஒரு விதவைத் தாயின் வளவில் தனி வாசலுடன் கட்டப்பட்ட அறை. பக்கத்தில் சிறு குசினியும் மலசலகூடமும் உண்டு. மாத வாடகை 12,000 ரூபாய். அதில் 9,000 ரூபாயைச் சேவை செலுத்துகிறது, மிகுதி 3,000 ரூபாயை அண்ணன் கொடுக்கிறார். 6 மாத முற்பணத்தைச் சேவையே கட்டியது. வீட்டுக்காரரிடம் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

அறையைக் கையளித்த நாளில் நானும் போயிருந்தேன். பணியாளர் ஒரு வளையத்திலிருந்து திறப்பைக் கழற்றி அண்ணனின் கையில் வைத்து, “இது உங்கட திறப்பு அண்ணன். இன்னொண்டு வீட்டுக்கார அம்மாட்ட இருக்கு. எங்களிட்ட ஒண்டும் இல்ல” என்றார். அண்ணன் கதவைப் பூட்டிப் பார்த்தார், திறந்தார், மீண்டும் பூட்டினார். பிறகு உள்ளே போய், சுவரில் இருந்த சீமெந்துத் தட்டைத் தோளிலிருந்த துவாயால் துடைத்து, புதிதாகக் கிடைத்த மருந்துப் போத்தலை அதன்மேல் வைத்தார். அதன் பெயர்த்தாளைச் சுரண்டவில்லை. நான் வந்து ஒரு மணித்தியாலம் ஆகுமுன்னே கட்டிலில் சரிந்து உறங்கிவிட்டார். அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும் எழும்பவில்லை என்று வீட்டுக்கார அம்மா சொன்னார்.

உயிர் தேறுவதற்கு மருந்தும் உறக்கமும் எவ்வளவு தேவையோ, மனிதராக நடமாட ஒரு முகவரியும் அவ்வளவு தேவை என்பதை இந்தச் சேவை அறிந்து வைத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். இங்கே எதற்கும் முதலில் கேட்கப்படுவது கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ். தொலைந்த அடையாள அட்டையைத் திரும்ப எடுக்க அது வேண்டும், பிரதேச செயலகத்தில் உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்க அது வேண்டும், வங்கியில் கணக்குத் திறக்கப் போனாலும் முகவரிக்கு அத்தாட்சி கேட்பார்கள். பஸ் நிலையத்து வாங்குக்கு எந்தக் கிராம உத்தியோகத்தரும் பொறுப்பில்லை. 2004 மார்கழியில் கடல் வந்த பிறகு, அடையாள அட்டையும் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் ஒரே நாளில் போன நாவலடி, கல்லடிச் சனங்கள் கொட்டில்களில் இருந்துகொண்டு இதே கடதாசிகளுக்காக அலைந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆகவே இந்தக் கஷ்டம் மட்டக்களப்பாருக்குப் புதியதல்ல. பணியாளர் வாடகை ஒப்பந்தத்தின் பிரதியோடு அண்ணனை அழைத்துப் போய் வதிவிடச் சான்றிதழைப் பெற்றுக்கொடுத்தார். இரண்டு மாதத்துக்குள் புதிய அடையாள அட்டையும் வந்தது. அந்த அட்டை கையில் வந்த வாரத்தில்தான் ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் அண்ணன் வேலை கேட்டுப் போனார். இப்போது வாரத்தில் 4 நாட்கள் மாபிள் பதிக்கும் வேலை செய்கிறார்.

சேவையின் விதிகளில் ஒன்றைப் பற்றி எனக்கும் முதலில் கருத்து வேறுபாடு இருந்தது. குடியை விட்டால்தான் அறை என்ற நிபந்தனை அங்கே இல்லை. பொது வீட்டுக்குள் குடிக்கக்கூடாது, குடித்துவிட்டு வந்து சண்டை பிடிக்கக்கூடாது, அவ்வளவுதான். அண்ணன் தெருவில் இருந்த காலத்தில் கசிப்புக்குப் பழகியிருந்தார். படுவான்கரையிலிருந்து வரும் அந்தச் சாராயம் எங்கள் குடும்பங்களில் செய்த நாசத்தைக் கண்ட எவருக்கும், குடிக்கிற ஒருவருக்கு வாடகை கட்டுவது பிழையாகத்தான் தோன்றும். மூன்றாம் மாதத்தில் அவர் இரண்டு நாட்கள் குடித்துவிட்டுக் கிடந்தபோது, இனி அறையைப் பறித்துவிடுவார்கள் என்று எண்ணி நான் பணியாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் மறுநாள் காலையில் வந்து, கதவைத் தட்டி, “அண்ணன், குளிசை போட்டீங்களா” என்று மட்டும் கேட்டிருக்கிறார். போட்டிருந்தார். அந்த இரண்டு நாளும் தவறாமல் போட்டிருந்தார், ஏனென்றால் போத்தல் தட்டில் கண்ணெதிரே இருந்தது. நியூயோர்க்கில் 1992 இல் தெருவில் கிடந்த மனநோயாளர்களுக்கு நிபந்தனையின்றி முதலில் வீட்டைக் கொடுத்துப் பார்த்த உளவியலாளர் சாம் செம்பெரிசின் வழியும் இதுவே என்று பின்னர் அறிந்தேன். வீட்டை நன்னடத்தைக்குப் பரிசாக வைக்காமல், நடத்தை திருந்துவதற்கு வேண்டிய தரையாக முதலில் கொடுப்பது அந்த வழி. அண்ணன் முழுதாகக் குடியை விட்டுவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். வெகுவாகக் குறைத்திருக்கிறார்.

குறைகளையும் மறைக்காமல் எழுதுவதே சேவைக்கும் நல்லது. முதலாவது, அந்தப் பொது வீடு. ஒரே அறையில் இரண்டு பேர், சன்னல்கள் சிறியவை, மழைக்காலத்தில் அவையும் மூடியிருக்கும். எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவர்களின் உயிரைப் பறிக்கும் நோய்களில் உலகம் முழுவதும் முன்னிற்பது காசநோய். அது நெருக்கமும் காற்றோட்டமின்மையும் உள்ள இடத்தில் எளிதாகப் பரவும். இருமலோடு புதிதாக ஒருவர் வந்தால் சளிப் பரிசோதனை முடிவு வரும்வரை தனியாக வைக்க அங்கே ஓர் அறை கட்டாயம் வேண்டும், இப்போது இல்லை. மேலும், எத்தனை கவனமாக இருந்தாலும் 5 ஆண்கள் சேர்ந்து வாழும் வீட்டைப் பற்றி அயலவர் ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள். தனித்தனி இடங்களில் தனித்தனி அறை என்ற முறைக்கே சேவை முழுதாக மாறவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, பெண்களுக்கு இங்கே இடமில்லை. வீடு பெண்ணுக்குரியது என்பதால் பெண் தெருவுக்கு வரமாட்டாள் என்று ஒரு கணக்கு இருக்கிறதோ தெரியாது. அந்தக் கணக்கு பிழை. வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்ட தாய் இருக்கிறாள். சீதன வீடே இல்லாமல் கலியாணம் முடித்தவள் இருக்கிறாள். மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து, அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனையோடு திருப்பி அனுப்பப்பட்டு, ஊருக்குள் போகப் பயந்து நிற்கிறவள் இருக்கிறாள். பிள்ளையோடு வரும் தாய்க்கு அந்தப் பொது வீடு எந்த வகையிலும் பொருந்தாது. கருவுற்ற பெண்களைப் பரிசோதித்து, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் கடத்தப்படுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்ற நாடு இலங்கை. பிள்ளையை நோயிலிருந்து காப்பாற்றத் தெரிந்த நாட்டில், அந்தப் பிள்ளையின் தாய்க்கு ஓர் அறை எடுத்துக் கொடுக்க வழி பிறக்காமல் இருப்பது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது.

அம்பாறை மாவட்டத்தவரையும் சேவை ஏற்பதில்லை. திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ இருக்கும் ஒருவர் உதவி வேண்டுமென்றால் மட்டக்களப்புக்கு இடம்பெயரவேண்டும். தன் ஊரில் முகங்காட்ட விரும்பாதவருக்கு அது வசதியாகவும் இருக்கலாம். வயலோடும் தோணியோடும் பிழைப்பைக் கட்டியிருப்பவருக்கு முடியாது. நாட்டில் வளர்ந்தோரிடையே தொற்று 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்பதால், இவர்களுக்கென்று தனி வீட்டுத் திட்டம் எதற்கு என்ற கேள்வி எழும். ஆட்கள் குறைவு என்பதால்தான் ஒவ்வொருவரும் ஊரில் தனித்துத் தெரிகிறார். அதே காரணத்தால் அவர்களுக்கு அறை எடுத்துக் கொடுக்கும் செலவும் சிறியது.

மார்கழி வெள்ளத்தில் அண்ணனின் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. மருந்தும் அட்டைகளும் உயரத் தட்டில் இருந்தபடியால் தப்பின. ஆனால் அது நீண்ட விடுமுறை வாரம். பணியாளரின் தொலைபேசி மூன்று நாட்கள் வேலை செய்யவில்லை, மாற்று இலக்கம் எதுவும் எங்களிடம் இல்லை. இவ்வளவு பேருக்கு ஒரே பணியாளர் என்பது அவருக்கும் அநியாயம். வீட்டுக்கார அம்மாதான் அந்த மூன்று நாளும் அண்ணனுக்குச் சோறு கொடுத்தார்.

ஆறு மாத முடிவில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வைரசு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அதற்குப் பின் எடுத்ததிலும் அப்படியே. உடம்பில் 9 கிலோ ஏறியிருக்கிறது. போன மாதம் நான் போனபோது சூடைமீன் பொரித்து, பால் சொதி வைத்து, எனக்கும் போட்டுத் தந்தார். என் கோப்பையைக் கழுவி அவருடைய கோப்பையின் மேலேயே கவிழ்த்து வைத்தார். மூத்த மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய்க்குச் சொல்லாமல் வந்து, வாசலில் நின்றபடி அரை மணித்தியாலம் கதைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வந்து நிற்க ஒரு வாசல் இருந்தபடியால் அவள் வந்தாள். பஸ் நிலையத்துக்கு வந்திருக்கமாட்டாள்.

எனக்கு இப்போதுள்ள பெரிய கவலை சேவையின் 24 மாத எல்லை. அதற்குப் பின் வாடகை உதவி நின்றுவிடும், முற்பணமும் மீளப் பெறப்படும். மழைக்காலத்தில் மேசன் வேலை கிடையாத எங்கள் பகுதியில், மாதம் 12,000 ரூபாயைத் தனியே கட்டும் நிலைக்கு அண்ணன் வருவார் என்று என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது. மருந்துக்கு எல்லை இல்லை, ஆயுள் முழுவதும் எடுக்கவேண்டியது; அதை வைத்திருக்கும் அறைக்கு மட்டும் 24 மாதம் என்று கணக்கிட்டது எந்த நியாயத்தில் என்று கேட்டு, உதவியை ஒரேயடியாக நிறுத்தாமல் ஆண்டுக்கு ஆண்டு வருமானத்தைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்கும்படி நானும் அண்ணனும் சேர்ந்து எழுத்தில் கொடுத்திருக்கிறோம். வாசித்துவிட்டு மேலிடத்துக்கு அனுப்பியிருப்பதாகப் பணியாளர் சொன்னார். இன்னும் 10 மாதங்கள் இருக்கின்றன. பதில் கிடைத்ததும் அதையும் இங்கே எழுதிச் சேர்ப்பேன்.